சாளரக் காலம்

ஊட்ரம் சாலை. எய்ட்ஸ் பயிற்சி, மூன்றாம் நாள்.
கையுறை கழற்றும் விதத்தையே
அரை மணி நேரம் காட்டினார் மிஸ் பெரைரா:
உட்புறம் வெளியே வர, விரல் படாமல்.

கிருமி நுழைந்தும் சோதனையில் தெரியாத
அந்தச் சில வாரங்களுக்குச்
சாளரக் காலம் என்று பெயராம்.
ஹுய் லிங் குறிப்பேட்டில்
ஒரு சன்னல் வரைந்து, திரையும் போட்டாள்.

பகலுக்குப் பின் ஒருவர் வந்தார்.
கப்பல் பட்டறையில் வெல்டராம்.
எல்லோருக்கும் கை கொடுத்தார்.
சொரசொரப்பான, சூடான கை.

பன்னிரண்டு ஆண்டாய் இரத்தம் பார்க்கிறேன்.
தொட்டால் ஒட்டாது: தேர்வில் சரியாகத்தான் எழுதியிருந்தேன்.
மேசைக்கடியில் என் கை
வெள்ளைக் கோட்டில் தன்னைத் துடைத்துக்கொண்டது.

அவர் பார்த்தாரா, தெரியாது.
கோப்பி-ஓவைக் கலக்கிக்கொண்டிருந்தார்.

மறுநாள் ரேக்கில் முதல் குழாய்.
எண் மட்டும்: 0417.
கையுறைக்குள்ளும் தெரிந்தது,
இன்னும் சூடு ஆறவில்லை.