இடது கால்

ஓரெத்தாளின் படைக்குக் காலணி தைப்பவன் நான்.
முப்பது ஆண்டுகளாக
இடது கால் பூட்ஸ் மட்டும்.

ஹால்வெர் கணவாயின் உச்சியில் கருங்கல்லாய் நிற்கிறாள்.
கையில் கோடரி.
முகத்தைக் காற்று தேய்த்துவிட்டது,
யாரும் திருத்திச் செதுக்கவில்லை.
இடது காலில் இரும்புக் காலணி,
வலது கால் வெறுங்கால்.
போருக்கு ஒன்று, நீதிக்கு ஒன்று
என்பார்கள் வழிப்போக்கர்கள்.
எங்களுக்குச் சொன்னது அவ்வளவு அழகானதல்ல:
மிதிப்பது என்னவென்று
ஒரு காலாவது அறிந்திருக்க வேண்டும்.

ஆகவே பனியிலும் அப்படியே போனோம்.
எங்கள் ஆட்களைச் சத்திரக்காரர்கள்
விரல் எண்ணியே கண்டுகொள்வார்கள்.
வலது காலில் நான்கு, மூன்று;
ஈட்டிக்காரன் ப்ரோமுக்கு ஒன்றுமே இல்லை.
வாத்துபோல் நடப்பான்.
சிரித்தவர்களை அவன் எதுவும் செய்ததில்லை.

ஓநாய்களே ஊருக்குள் வந்து படுத்துக்கொண்ட குளிர், அந்த ஆண்டு.
தளபதி உல்வார் இரவில் என் கூடாரத்துக்கு வந்தான்.
மூன்று வெள்ளிக்காசை வைத்தான்.
வலது காலை நீட்டினான்.
கட்டைவிரல் கறுக்கத் தொடங்கியிருந்தது.
"பார்த்தால் தெரியாதபடி தை."

அளவெடுத்தேன்.
பழகாத கை, வளைவைத் தப்பாக வெட்டியது;
முதல் தோல் வீண்.
இரண்டாவதில் உள்ளே ஆட்டு ரோமம் வைத்து,
மேலே கால்நிறத் துணி சுற்றித் தைத்தேன்.
நல்ல வேலை. இப்போதும் சொல்வேன்.

ஸ்கேர்னில் ஒரு தானியக் களஞ்சியம்.
எதிரியின் கோதுமை என்று உளவு.
உல்வார் உள்ளே போனான்,
பலகைத் தரையில் குறுக்கும் நெடுக்கும் நடந்தான்,
வெளியே வந்து
தீ என்றான்.

தரைக்கு அடியில் பதினொரு பேர்.
இரண்டு ஆடுகளும்.
மூச்சை அடக்கியிருந்தார்கள்.
உடம்பின் சூட்டை யாரால் அடக்க முடியும்?
ரொட்டி எடுத்த பிறகான அடுப்புக்கல்போல
வெதுவெதுவென்று இருந்திருக்கும் அந்தப் பலகைகள்.

கணவாயில் வழக்கு கூடியது.
"எனக்குத் தெரியாது" என்றான் உல்வார்.
பொய்யில்லை அது.
தீர்ப்புச் சொல்லும் சிக்னேத்
பனியில் நின்றபடி ஒன்றே ஒன்று கேட்டாள்:
"எந்தக் காலுக்குத் தெரியாது?"

பிறகு அந்த பூட்ஸைக் கையில் எடுத்தாள்.
கூட்டத்தைப் பார்க்கவில்லை,
தையலைப் பார்த்தாள்.
அது யார் கை என்று படையில் அறியாதவரில்லை.
எல்லோருடைய இடது காலிலும்
அதே தையல்.

உல்வாரை வாளில்லாமல் ஸ்கேர்னுக்கு அனுப்பினார்கள்,
அங்கே எஞ்சியவர்கள் சொல்வதைச் செய்ய.
என்ன சொன்னார்களோ.
எனக்கு அவள் எதுவும் விதிக்கவில்லை.
பூட்ஸை என் மடியில் வைத்துவிட்டுப் போனாள்.

ஒரே இரவில் நூலை உருவிவிட்டேன்.
துளைகள் போகவில்லை. நூற்றுப் பதினாறு.
விளக்குக்கு நேரே பிடித்தால்
ஒவ்வொன்றிலும் பொட்டுத் தீ.

விடியலில் ப்ரோம் வந்தான்,
இடது பூட்ஸ் வாய் பிளந்துவிட்டதென்று.
ஊசியில் நூல் கோக்க
வெகு நேரமாயிற்று எனக்கு.
அவன் அவசரப்படுத்தவில்லை.
விரலில்லாத அந்த வலது பாதத்தை
என் தரையில் ஊன்றி
நகராமல் நின்றுகொண்டிருந்தான்.