தெக்லாவின் தண்ணித் தொட்டி

பங்குனி பிறந்தால் கடியபட்டணத்துக் கடல்
கொஞ்சம் தணிந்து படுக்கும்.
நான்கு பாகத்துக்குக் கீழேயும் ஈயக்குண்டு தெரியும்.
எனக்குத் தெரிந்தால் மீனுக்கும் தெரியும்.
தங்கூசை மெலிதாக்கு,
தூண்டிலைச் சிறிதாக்கு,
வள்ளத்தில் செருப்பைத் தட்டாதே,
பாட்டை நிறுத்து ததேயு.

வெள்ளாப்புக்கு முன்னே சாளை பிடித்துவிட வேண்டும்,
உயிரோடு, இருபதாவது.
மூக்கில் குத்தினால் நேரே நீந்தும்,
முதுகில் குத்தினால் நொண்டி நொண்டிப் போகும்.
பாரைக்கு நொண்டிதான் பிடிக்கும்.
விளமீனுக்கு என்ன பிடிக்கும் என்று
இந்த வருஷம் வரை எனக்குத் தெரியவில்லை.
செத்த கணவாயும் தின்றிருக்கிறது,
உயிருள்ள இறாலை முகர்ந்துவிட்டுப் போயிருக்கிறது.

நீவாடு காலையில் ஒரு பேச்சு
ஒன்பது மணிக்கு வேறு பேச்சு.
பாருக்கு நேர் மேலே நங்கூரம் போடுகிறவன்
கல்லைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு வருவான்.
நீர் வருகிற பக்கம் தள்ளி நின்று
இரையை நீரே கொண்டுபோகும்படி விட வேண்டும்.
அதற்கு முதலில்
பார் எங்கே இருக்கிறது என்று தெரிய வேண்டும்.

எனக்குத் தெரியும்.
வடக்கே வேளிமலையின் பள்ளத்துக்கு நேர் கீழே
தெக்லா மாடியின் மஞ்சள் தண்ணித் தொட்டி.
கிழக்கே முட்டத்து விளக்குக்கு இடப்புறம்
ஒரு விரல் தள்ளி மொட்டைத் தென்னை.
இரண்டும் சேரும் இடத்தில் பதினேழு பாகம்.
மச்சினன் ததேயுவிடம்கூட
தொட்டியைப் பற்றி நான் மூச்சு விட்டதில்லை.
ஜிபிஎஸ் வாங்கலாமே என்றான்.
பெட்டியில் ஏற்றிய பாரை
பெட்டி வாங்குகிறவன் எவனும் இறக்கிக்கொள்வான் என்றேன்.

தவக்காலத்து மூன்றாம் வெள்ளி
மலைப் பள்ளம் இருந்தது,
கீழே மஞ்சள் இல்லை.
மூன்று தடவை சுற்றினோம்.
ஈயம் சேற்றில் புதைந்து புதைந்து வந்தது.
டீசல் தீர்ந்த அளவுக்கு
நாலு கிளாத்தி.

கரையேறி உடுப்பு மாற்றாமல் போனேன்.
மாடியில் புதுத் தொட்டி, கறுப்பு,
நிறுவனத்தின் பெயர் வெள்ளையில்.
"எக்கா, தொட்டி நல்லாயிருக்கு," என்றேன்.
"ஆமா."
"வெயிலுக்குக் கறுப்பு ஆகாதே. தண்ணி கொதிக்கும்."
"ஆமா."
"மஞ்சள் அடிச்சா குளுந்து கிடக்கும்."
பெயிண்ட் நான் வாங்கித் தருவதாகச் சொன்னேன்.
தூரிகையும் என்னுடையது.

தெக்லா முருங்கைக் கீரையை உருவிக்கொண்டிருந்தாள்.
தலை நிமிரவில்லை.
"நேத்து வியாகப்பன் வந்தான்,
தண்ணி கொதிக்கும்னான்.
அதுக்கு முந்தி பனிமயத்தின் மவன் வந்தான்,
காக்கா உக்காரும்னான்.
காலையில உன் மச்சினன்
ஒரு டப்பா பெயிண்டே கொண்டு வச்சிட்டுப் போனான்,
தா, நடையில இருக்கு."
பிறகுதான் என்னைப் பார்த்தாள்.
"எவ்வளவு மீன்டே கிடக்கு என் தொட்டிக்குக் கீழே?"

சிரிக்கவும் முடியவில்லை
போகவும் முடியவில்லை.
பேரம் பேசினாள், ஏலக்காரனைப் போல.
வாரம் ஒரு மீன்,
ஆளுக்கு ஒன்று,
கிளாத்தி கணக்கில் சேராது.

ஞாயிறு பூசை முடிந்து அவளே ஏணியில் ஏறி அடித்தாள்.
கடலைப் பார்த்த பக்கம் மட்டும்.
மீதிப் பெயிண்டைக் கழிப்பறைக் கதவுக்கு வைத்துக்கொண்டாள்.

திங்கள் விடியலில்
மஞ்சள் பள்ளத்துக்குக் கீழே வந்து நின்றபோது
அங்கே ஏற்கெனவே மூன்று வள்ளம்.
வியாகப்பன் வானத்தைப் பார்த்தான்.
பனிமயத்தின் மகன் மூக்கைச் சொறிந்தான்.
ததேயு என் பின்னால்
ரொம்ப அக்கறையாகச் சாளை கோத்துக்கொண்டிருந்தான்,
முதுகில், நொண்டும்படி.

யாரும் யாரையும் காணவில்லை.
நீவாடு மேற்கே போனது,
நாங்கள் நாலு வள்ளமும் கிழக்கே தள்ளி வரிசையாய் நின்றோம்.
எட்டே காலுக்கு முதல் இழுப்பு.

தெக்லாவுக்கு விளமீன் கொண்டுபோனேன், ஒன்றரைக் கிலோ.
வாசல்படியில் வாழையிலை விரித்து
மூன்று மீன் கிடந்தது.
பூனை ஒன்று எதைத் தொடுவதென்று தெரியாமல்
நடுவில் உட்கார்ந்திருந்தது.