பாதி வழிக்கு எத்தனை மைல்

கம்பெனியிலிருந்து மூக்கு தாழ்ந்துதான் வந்தது வண்டி.
பின்னால் பாரம் ஏறினால் சமமாகட்டும் என்று
யாரோ கணக்குப் போட்டு விட்டுவைத்த இரண்டு அங்குலம்.
எனக்குப் பாரம் குறைந்துபோயிற்று.
குதிரைகள் கார்லீனோடு போயின,
அவற்றோடு வைக்கோல் கட்டுகளும்.
ஏப்ரலில் ஒரு சனிக்கிழமை
முன் ஸ்பிரிங்குகளின் தலையில் இரண்டு இரும்பு வில்லை வைத்து
முறுக்கினேன்.
நிமிர்ந்தது.
நிமிர்ந்த பிறகுதான் தெரிந்தது,
அண்ணன் சட்டைக்குள் தம்பி மாதிரி
பழைய டயர் அந்த வளைவுக்குள் தொலைந்து கிடப்பது.

நவம்பரில், முதல் பனிக்கு முன்,
லூயிஸ்டவுனில் ஓரின் ட்வைட்டின் கடை.
காபி கருகியிருக்கும். ரப்பர் நாற்றத்துக்கு அது தேவலை.
"முப்பத்துமூன்றா, முப்பத்தைந்தா?"
சர்க்கரை ஒன்றா இரண்டா என்பது போலக் கேட்டார்.

முப்பத்தைந்து என்றால்
முழுசாய் ஒடித்துத் திருப்பும்போது உள்ளே உரசும்,
பிளாஸ்டிக்கை அறுக்கணும், ஒரு தகட்டைத் தட்டி மடக்கணும்,
எண்ணெய் குடிக்கும்,
ஸ்டெப்னி பழைய அளவு, அதை நம்பி எங்கும் போகாதே.
சேற்று டயர் வேண்டாம், தார் ரோட்டில் ஓயாமல் அழும்.
பத்து அடுக்குப் பக்கச்சுவர் உனக்கெதற்கு டெல்,
நீ என்ன, கன்றுகளையா இழுக்கிறாய் இப்போது?
மலையும் அதற்குள் ஒரு பனிப்பூவும்
முத்திரை குத்தியிருக்கும் பார், அதை எடு.

பிறகு துணியில் கை துடைத்துக்கொண்டே,
"இன்னொன்று. மைல்மீட்டர் பொய் சொல்லும்.
பெரிய சக்கரம் குறைவாய்ச் சுற்றும்,
போன தூரத்தைக் குறைத்துக் காட்டும்."

காபி அங்கேதான் ஆறியது.

'சரிபாதி வழியில்' என்று எழுதிக் கொடுத்திருந்தார் நீதிபதி.
வெள்ளிக்கிழமை ஆறு மணி.
ஜூனி, ஏழு வயது, ஒரு பை, ஒரு பிளாஸ்டிக் குதிரை.
பாதி என் மீட்டரில் நூற்றேழு.
கார்லீன் மீட்டரில் நூற்றுநான்கு.
நடுவே மூன்று மைல்.
ஒரு குளிர்காலம் முழுக்க
வக்கீல் வைத்து அதற்குள் நின்று கத்தினோம்.
கொடுத்த பீஸில்
நான்கு டயர் வாங்கி, மாட்டி, பாலன்ஸும் பார்த்திருக்கலாம்.
கடைசியில் ஒத்துக்கொண்ட பெட்ரோல் பங்க்
யாருக்கும் பாதி இல்லை.
அங்கே கழிப்பறை இருந்தது, அவ்வளவுதான்.

ஓரினின் பில் தாளைத் திருப்பிக் கணக்குப் போட்டேன்.
முப்பத்தைந்து போட்டால் தொண்ணூற்றெட்டு.
ஒன்பது மைல் யாரும் ஓட்டாமலே தீரும்.
முப்பத்துமூன்று போட்டால்
நூற்றுநான்கு.

இன்னொரு தரம் போட்டுப் பார்த்தேன். நூற்றுநான்குதான்.
அவள் பொய் சொல்லவில்லை போல.
அவள் சக்கரம் அப்படி.

"முப்பத்துமூன்று," என்றேன்.
"நல்லது, உரசாது," என்றார் ஓரின்.
ஆமாம், அதற்காகத்தான் என்றேன்.

அந்த வெள்ளிக்கிழமை
ஜூனி முதலில் வண்டியைப் பார்க்கவில்லை,
டயர் மீசையைப் பார்த்தாள்.
புது ரப்பரில் நீட்டிக்கொண்டிருக்கும் மெல்லிய முடிகளை
ஒவ்வொன்றாய்ப் பிய்த்துக்
கோட்டுப் பையில் சேர்த்தாள். இருபத்திரண்டு.
குதிரைக்குப் பிடரி வேண்டுமாம்.
தூக்கிவிடப் போனேன், வேண்டாம் என்றாள்.
முழங்காலை ஊன்றி, சீட் பெல்ட்டைப் பிடித்துத் தொங்கி,
ஒரு ஷூவைக் கீழே விட்டு,
ஏறிவிட்டாள்.

ஷூவை எடுக்கக் குனிந்தபோது பார்த்தேன்.
எதிர்ப்புறம் கார்லீன்
கிளம்பாமல் நிற்கிறாள், கண்ணுக்குக் குறுக்கே கை.
கை அசைக்கிறாள் என்று நினைத்து
நானும் அசைத்தேன்.
அசைக்கவில்லை.
மூக்கைத் தூக்கினேனே,
விளக்கு அதே திருகில் அப்படியே இருந்திருக்கிறது,
கோடை முழுதும் வெளிச்சத்தில் தெரியவில்லை,
இப்போது நேரே அவள் முகத்தில்.

விளக்கை அணைத்தேன்.
இருட்டில் மூன்று பேரும் கொஞ்ச நேரம்.
பிறகு அவள் வண்டி கிளம்பும் சத்தம்.

அந்தத் திருகைத் தளர்த்த வேண்டும் நாளைக்கு.
கால் சுற்றுப் போதும் என்று நினைக்கிறேன்.
எந்தப் பக்கம் என்று ஓரினுக்குத் தெரியும்.