நாற்பதடி

எர்ணாவூர் பாலம் இறங்கும்போதே தெரிந்துவிடும்
வரிசை இன்று எதுவரை என்று.
துறைமுக வாசலுக்குக் காத்திருக்கும் டிரெய்லர்கள்
நேற்றிரவு நின்ற அதே இடத்தில்.
ஒன்றின் சக்கரத்தடியில் கல்.
இன்னொன்றின் நிழலில் சட்டையில்லாமல்
பல் துலக்கிக்கொண்டிருக்கிறான் ஒருவன்.

நிற்கிற லாரி என்ன செய்துவிடும்
என்று ஆறு வருடம் இருந்துவிட்டேன்.
இடுக்கு கண்ட இடத்தில் ஸ்கூட்டரைச் செருகி
ஏழே முக்காலுக்கு மணலி போய்ச் சேர்வேன்.
கன்டெய்னர் யார்டில் சீல் எண் பார்க்கிற வேலை.
பூட்டியவனுக்குப் பிறகு யாரும் திறக்கவில்லை
என்று கையெழுத்துப் போடுவேன்.
லாரிகளின் முதுகு எனக்கு அத்துப்படி.
முகம் தெரியாது.

ஐப்பசி மழையில் ஒரு நாள்
காகிதம் நனைகிறதே என்று
"மேல ஏறி உக்காந்து எழுதுங்க மேடம்" என்றார்
செங்கோடன். சங்ககிரிக்காரர். என் வயதுதான் இருக்கும்.
சாவியை எடுத்துக்கொண்டு அவர் பின்கதவுக்குப் போனார்.
மூன்று படி ஏறினேன்.
டீசலும் சாம்பிராணியும் கலந்த வாசனை,
கண்ணாடிக்குக் கீழே காய்ந்த எலுமிச்சை,
ஸ்டியரிங் மேல் அட்டையை வைத்து
பதினோரு இலக்கம் எழுதி முடித்து
சும்மா
இடப்பக்கக் கண்ணாடியைப் பார்த்தேன்.

மதில் தெரிந்தது.
மதிலோரம் ஒண்டிய நாய் தெரிந்தது.
முன் சக்கரத்தை ஒட்டி நான் நிறுத்திய
நீல ஸ்கூட்டர் இல்லை.

எட்டிப் பார்த்தேன், எழுந்தும் பார்த்தேன். இல்லை.
களவு போய்விட்டது என்று குதித்து இறங்கி ஓடினால்
நின்ற இடத்திலேயே நிற்கிறது,
இருக்கைக் கிழிசலில் மழைநீர் தேங்கி.
மறுபடி ஏறினேன். காணோம்.
இறங்கினேன். இருக்கிறது.
மூன்றாம் முறை ஏறும்போது செங்கோடன் வந்துவிட்டார்.
"தெரியலல்ல?" என்றார்.
சிரிக்கவில்லை.

அன்றிரவு சோறு இறங்கவில்லை.
ஆறு வருடம், நாளுக்கு முப்பது லாரியாவது.
முப்பது பேர் இடப்பக்கம் பார்த்து
யாருமில்லை என்று கியர் போட்டிருப்பார்கள்.
அந்த யாருமில்லை
டிபன் பாக்ஸோடு
நான்.

இப்போதெல்லாம் கண்ணாடியில் முகம் தேடுகிறேன்.
மீசையோ, துண்டு கட்டிய தலையோ,
கொட்டாவி விடும் வாயோ
ஏதாவது தெரிந்தால்தான் கடப்பேன்.
தெரியாவிட்டால் பின்னால், நன்றாகப் பின்னால்.
எனக்குப் பின்னாலிருப்பவன் ஹார்ன் அடிக்கிறான்.
அடிக்கட்டும்.

எம்.எஃப்.எல். சந்திப்பில்
இடப்பக்கம் திரும்ப வேண்டிய டிரெய்லர்
முதலில் வலப்பக்கம் ஒதுங்கும்.
அப்போது இந்தப் பக்கம் சாலை
கல்யாண வீட்டு வாசல்போல் அகலமாகத் திறக்கும்.
வா என்பதுபோல் இருக்கும்.
இன்னும் நான்கு மூச்சில்
நாற்பதடி வால் வந்து மூடப்போகும் இடம் அது.

போன செவ்வாய் அதற்குள் நுழைந்தான்
முதுகில் சாப்பாட்டுப் பையோடு ஒரு பையன்.
காதில் வயர். கூப்பிட்டால் கேட்காது.
லாரிக்காரருக்காவது கேட்கட்டும் என்று
கட்டைவிரல் வலிக்க ஹார்னை அழுத்திக்கொண்டே இருந்தேன்.
புஸ்ஸென்று காற்று விட்டு நின்றது வண்டி.
சக்கரத்துக்கும் அவன் முழங்காலுக்கும் நடுவில்
ஒரு முழம் இருக்கலாம்.
காலால் உந்தி உந்திப் பின்னால் வந்தான்.
வந்து
என்னைத்தான் முறைத்தான்.

ஒன்பது நிமிடம் தாமதம்.
யார்டு வாசலில் பதிவேடு.
காரணம் என்ற கட்டம் விரலகலம்தான்.
முகம் தெரியும்வரை நின்றேன் என்று எழுத
அதில் இடமில்லை.
"லாரி" என்று எழுதிவிட்டு
முதல் பெட்டியின் சீலைத் துடைக்கிறேன்.