பறிமுதல் படிவம்

கோல்முட் வனக் காவல் நிலையத்தில்
மின்சாரம் போன மாலை.
அச்சுப்பொறி ஊமை.
"கையாலேயே எழுதிவிடு, யின்ஷ்வாங்"
என்று சொல்லிவிட்டு சார்ஜண்ட் லுவான்
மெழுகுவத்தி தேடப் போனார்.

கைப்பற்றப்பட்ட பொருள்: என்று கேட்கிறது படிவம்.

பொருள் என் மேசைமேல் மூச்சு விடுகிறது.
பெண்கள் போடும் நைலான் காலுறைக்குள்
கழுத்துவரை திணித்த இரண்டு வல்லூறுகள்.
இமையோடு இமையைத் தைத்த நூல் நீலம்,
சட்டைப் பொத்தானுக்குப் போடுகிற அதே நீலம்.

வேட்டைப் பறவைக்கு அச்சில் ஓர் எழுத்து உண்டு.
பதினோரு கோடு.
மேலே இடப்பக்கம் கை, வலப்பக்கம் ஓர் உருண்டை,
கீழே பறவை.
பற்றும் பறவை, அவ்வளவுதான்.
பள்ளியில் அப்படி எழுதித்தான் மதிப்பெண் வாங்கினேன்.

இன்று பேனா பழைய வடிவத்துக்குப் போகிறது.
இருபத்திரண்டு கோடு, அவசரத்துக்கு உதவாது.
அதில் கை இல்லை.
கை இருக்கும் இடத்தில் விலங்கு.
மிருகம் இல்லை,
இரண்டு மணிக்கட்டையும் சேர்த்துக் கவ்வுகிற விலங்கு.
பக்கத்தில் உருண்டையும் இல்லை,
கைகளை நீட்டி மண்டியிட்ட ஒரு மனிதன்.
மூவாயிரம் ஆண்டுகளுக்கு முன்
ஆமை ஓட்டில் எவனோ கீறிய கைதி.
யாரிடம் பிடிபட்டான், எதற்கு,
ஓட்டில் இல்லை.
பறவை வெகுகாலம் கழித்து வந்து
அவன் காலடியில் உட்கார்ந்திருக்கிறது,
பற்றுவதற்கு வேறு சொல் கிடைக்காமல்.

எதிர் பெஞ்சில் ஷியே தாகுய்.
கைவிலங்கோடு தேநீர்க் கோப்பையைத்
தூக்கத் தெரியாமல்
குனிந்து உறிஞ்சுகிறான்.
"கண் திறந்திருந்தால் பயந்தே செத்துவிடும்.
பாவம் பார்த்துத்தான் தைத்தேன்"
என்கிறான், நான் கேட்காமலே.

நான் எழுதிக்கொண்டிருக்கிறேன்.
விலங்கு முடிந்தது. மனிதன் முடிந்தான்.
அலகு, கழுத்து, சிறகு.
அடியில் நான்கு புள்ளிகள்:
வால் என்பார்கள், நகம் என்பார்கள்.
மூன்று வைத்துவிட்டேன்.

நான்காவதற்குள்
காலுறையின் கிழிசல் வழியே ஒரு கால் நீண்டு
என் சுண்டுவிரலைச் சுற்றி மூடியது.
இறுக்கவில்லை.
விடவும் இல்லை.
பார்க்க முடியாத அந்தத் தலை
சற்றே சாய்ந்து
என் நாடியை எண்ணுகிறது.

மெழுகுவத்தியோடு லுவான் வாசலில்.
"என்ன, முடிந்ததா?"

"பிடித்திருக்கிறது" என்றேன்.

என்ன பிடித்திருக்கிறது என்றார்.
ஷியே தாகுய் மட்டும்
தன் மணிக்கட்டைப் பார்த்துக்கொண்டான்.