ஏழாம் நம்பர் அங்கி

கொயர் பையன்களுக்கு அங்கி இருபத்திரண்டு.
காலரின் உட்புறம் சிவப்பு நூலில் நம்பர் தைத்தவள் நான்.
கித்தேரி, குளச்சல், கோவிலுக்குத் தெற்கே மூன்றாவது வீடு.
எனக்குப் பாட்டு தெரியாது.
மடித்துத் தைத்த விளிம்பு தெரியும்.
பிரித்துப் பார்த்தால் ஒரு பையன்
எத்தனை விரல் வளர்ந்தான் என்று சொல்லிவிடுவேன்.

ஆர்மோனியம் கொல்லத்திலிருந்து வள்ளத்தில் வந்ததாம்.
கரையில் இறக்கும்போது ஒரு அலை நனைத்ததில்
மேல் ஸ்தாயி 'நி' மட்டும் அன்றுமுதல் இருமும்.
பையன்கள் அதையும் சேர்த்தே படித்தார்கள்.
"அந்த இடத்தில் எல்லாரும் ஏன் தொண்டையைச் செருமுகிறீர்கள்?"
வெளியூர்ச் சாமியார் ஒருவர் கேட்கும்வரை
அது பாட்டில் இல்லாதது என்று
ஊரில் ஒருவருக்கும் தெரியாது.

ததேயு மாஸ்டர் ஒரு நோட்டு வைத்திருந்தார்.
பெயர், தகப்பன் பெயர், சேர்ந்த நாள்.
கடைசிக் கட்டத்தில்: குரல் உடைந்த நாள்.
இஞ்ஞாசி, 1971, ஆடி மாதம், ஒத்திகையில்.
பிலவேந்திரன், திருவிழா ஒன்பதாம் நாள், ஆராதனை நடுவில்.
லூர்தையன், தேதி இல்லை, 'சண்டையில்' என்று மட்டும்.
சிலருக்கு இரண்டு தேதி.
ஒட்டிவிட்டது என்று நம்பித் திரும்ப வந்து
திரும்பவும் உடைந்து போனவர்கள்.

உடைந்த குரல் எங்கே போகும்?
துறைமுகத்தில் போய் நின்று கேளுங்கள்.
இஞ்ஞாசி ஏலம் விளிக்கிறார்.
நெய்மீன் முந்நூறு, முந்நூத்தம்பது, நானூறு,
விலை ஏற ஏற ஸரிகம ஏறுகிறது.
ஐந்நூறோடு ஆட்கள் வாயை மூடிக்கொண்டால்
'ப'வில் நின்று தவிப்பார்.
கொச்சி வியாபாரி ஒரு அம்பது கூட்டினால்தான்
மனுஷனுக்கு மூச்சு வரும்.

ஏழாம் நம்பர், தனிக்குரல் பாடுகிறவனுக்கு.
ஒன்பது பையன்கள் போட்டுக் கழற்றியது.
அந்தக் கிறிஸ்துமஸ் நடுச்சாமப் பூசைக்கு ரெக்சன்.
நாலு அடி, அவனுக்கு மட்டும்.
விடிந்தபின் மெழுகும் கேக்குமாக அங்கியைக் கொண்டுவந்தான்.
"எக்கா, கக்கத்துல பிடிக்குது."
"பிரிச்சு விடுறேன் மக்கா, துவைச்சு உலரட்டும்."

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை.
இருபத்திரண்டும் கயிற்றில்.
காற்றே இல்லை.
மாஸ்டர் கையை உயர்த்துமுன் நிற்பார்களே,
அப்படிக் கைகளைத் தொங்கப்போட்டு நின்றன.
பத்து மணிகூட ஆகவில்லை.

ஏவிஎம் கால்வாயில் மூன்று அங்கி கிடைத்தது.
ஏழு அதில் ஒன்று.
பையன்களை வேறு இடங்களில் எடுத்தார்கள்.

நோட்டில் ரெக்சனுக்குக் கடைசிக் கட்டத்தில்
மாஸ்டர் ஒன்றும் எழுதவில்லை.
அவன் குரல்தான் உடையவே இல்லையே.

உயிர்ப்பு விழாவுக்குப் பதினான்கு பேர், பள்ளி யூனிபார்மில்.
அந்த நாலடி வந்தது.
ஆர்மோனியம் தனியாக வாசித்தது.
யாரும் வாய் திறக்கவில்லை.
அடுத்த வருடமும் அப்படியே.
ஐந்து வருடம், அந்த நாலடியை
ஊரே நின்று கேட்டது, இருமும் 'நி' உட்பட.

ஆறாவது வருடம் ஆன்றோ என்று ஒருவன்.
முட்டத்திலிருந்து புதிதாகக் குடிவந்த வீட்டுப் பையன்.
அவனிடம் யாரும் சொல்லி வைக்கவில்லை.
இடம் காலியாக இருந்தது, பாடிவிட்டான்.

முன்வரிசையில் ரெக்சனின் அம்மா எழுந்தாள்.
வெளியே போகப்போகிறாள் என்று நினைத்தேன்.
நின்றாள்.
நாலடியும் முடியும்வரை நின்றாள், பிறகு உட்கார்ந்தாள்.
மாஸ்டரின் விரல் கட்டையை விட்டு எடுபடவில்லை.

திங்கட்கிழமை ஆன்றோ அளவு கொடுக்க வந்தான்.
பெட்டியிலிருந்து ஏழை எடுத்தேன்.
கழுத்து சரி. கை சரி.
"எக்கா, இங்க பிடிக்குது" என்று கக்கத்தைக் காட்டினான்.
பிளேடை எடுத்துத் தையலைப் பிரித்தேன்.
உள்ளே
இரண்டு விரல் துணி இருந்தது.