கறுப்புக் காலுறை

பிப்ரவரி. நாற்பத்தொரு நாளாக மழை இல்லை.
சுங்கை பாக்காப்புக்கு உள்ளே, மறுநடவுக்கு விட்ட நிலத்தில்
கித்தா மரங்கள் நின்றபடியே காய்ந்திருக்கின்றன.
லோரி போனால் எழும் புழுதி
லோரி போய்ச் சேர்ந்த பிறகும்
எங்கே இறங்குவதென்று தெரியாமல் அங்கேயே நிற்கிறது.

முதல் மரத்துக்கு உறுமல்.
ஆறாவதுக்கு இருமல்.
ஒன்பதாவதில் ஷோஹாக் ரம்பத்தைத் தரையில் வைத்துவிட்டு
என்னைப் பார்ப்பான்.
"அக்கா, காத்து இல்ல."
அவனுக்குத் தெரிந்த தமிழில் பாதி இந்த ரம்பத்தைப் பற்றியது.

மரம் வெட்டுவது என் வேலை இல்லை.
மூன்று ரம்பங்களையும் மூச்சுவிட வைப்பது என் வேலை.
லோரியின் பின்பலகைதான் என் மேசை.
முதலில் சோக்கை மூட வேண்டும்.
தொண்டையை மூடாமல் மூக்கைத் திறந்தால்
உதிர்வதெல்லாம் நேரே நெஞ்சுக்குள் போகும்.
பிறகு பிரஷ், பிறகு மூடி, பிறகு ஃபில்டர்.
ஊதினால் உள்ளிருந்து வெளியே.
வெளியிலிருந்து உள்ளே ஊதுகிறவள்
தூசிக்கு வழிகாட்டி.

இதைக் கற்றுக்கொள்ள ஒரு பிஸ்டன் செலவானது.
நகத்தால் பிறாண்டியதுபோல் கோடு கோடாக.
நானூற்று எண்பது வெள்ளி.
மூன்று தவணையாகச் சம்பளத்தில் பிடித்துக்கொண்டார்
தவுக்கே ஆ கெங்.
ஒரு வார்த்தை திட்டவில்லை, அதுதான் உறுத்தியது.

அன்றிரவு அலமாரியில் வேறெதையோ தேடும்போது கையில் வந்தன,
கர்னி டிரைவ் ஹோட்டலில் முன்மேசையில் நின்ற காலத்துக்
கறுப்புக் காலுறைகள்.
பதினொரு ஜோடி, நான்கு பிரிக்காதவை.
ஒரு நூல் விட்டாலும் மாற்றிவிட வேண்டும், பையில் எப்போதும் ஒன்று உபரி,
மிஸ் தியோவின் சட்டம்.
மேசை இடுப்பளவு உயரம்.
என் கால்களை யார் பார்த்தார்கள் என்று
இன்றுவரை எனக்குத் தெரியாது.
மூன்று வருஷம் அந்தக் கண்ணாடிக் கதவுக்குள்
தூசி என்ற சொல்லே மறந்திருந்தது.
ஹோட்டலை மூடினார்கள்.
காலுறைகளைத் திருப்பிக் கேட்கவில்லை.

முழங்காலுக்குக் கீழே ஒரு சாண் கத்தரித்தேன்.
ஒரு முனையை முடிந்து ஃபில்டருக்கு இழுத்து மாட்டி
விளிம்பில் மெல்ல கிரீஸ்.
ரூபன் குனிந்து பார்த்தான்.
"எங்க, இன்டர்வியூவுக்குக் கிளம்பிடுச்சா?"

மறுநாள் பதினேழு மரம்.
பதினெட்டாவதில்தான் லேசாகக் கமறியது.
கழற்றினால் காலுறையின் மேல் மாவு அப்பியிருக்கிறது,
உள்ளே ஃபில்டர் அரிசிபோல் வெள்ளை.
காற்றுக்கு முதுகு காட்டி உதறினேன்.
ஒரு கணம்
என் கெண்டைக்கால் தூசியாக நின்று கலைந்தது.

ஆனால் ஷோஹாக்கின் ரம்பம் மட்டும் அப்போதும் திணறியது.
காலடியில் பார்த்தேன்.
ரூபன் வெட்டும் இடத்தில் சீவல் சீவலாகக் கிடக்கிறது.
இவனுடையது திருநீறாகக் கொட்டுகிறது.
புழுதியில் பாதி சாலை கொடுத்தது இல்லை.
மழுங்கிய பல் தானே அரைத்து, தானே இழுத்து,
தானே மூச்சு முட்டி நிற்கிறது.
எனக்கு ஓர் ஆள் ஞாபகம் வந்தது. பெயர் வேண்டாம்.
அரத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன்,
பல்லுக்கு மூன்று தள்ளு, ஒரே பக்கமாக.

நிபோங் தெபால் ஃபிளாட்டில் நாலாவது மாடி.
வெதுவெதுப்பான நீரில் பாத்திர சோப்பு ஊற்றி
ஃபில்டர்களை அலசிக் கொடியில் போட்டேன்,
பக்கத்தில் மூன்று கறுப்புத் துண்டுகள்.
எதிர்வீட்டு காக் ரொஹானி எட்டிப் பார்த்தார்.
யாருடையது இந்தக் குட்டிக் காலுறை?
மூன்று பேர் இருக்கிறார்கள் அக்கா,
பெட்ரோல் குடிப்பார்கள் என்றேன்.

அவர் சிரித்துக்கொண்டிருக்கும்போதே தும்மல் வந்தது.
கைக்குட்டையில் பழுப்பு.
அடுத்ததிலும் பழுப்பு.

இன்னும் ஆறு ஜோடி இருக்கிறது.
நாளைக்கு ஒன்றை நானே முகத்தில் மாட்டிக்கொள்ளலாம்.
வழியில் பேங்க் இருக்கிறது,
அதைத் தாண்டிய பிறகு.